திரும்பி வராத எதிரொலி

மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் கணவரை இழந்து அமர்ந்திருக்கும் அக்கா அவர்களே, பட்டறைத் தோழர்களே! வணக்கம்.

தலைமைச் சோதனையாளர் பாம்புச்செவியார் மறைந்தார். பெற்றோர் இட்ட பெயர் பதிவேட்டில் இருக்கிறது. நாம் இட்ட பெயரே நிலைத்தது. இரும்புக்குள் மீயொலியைச் செலுத்தி, அது திரும்பும் விதம் கண்டு உட்பழுதைச் சொன்னவருக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? "சட்டி பானையக்கூட தட்டிப் பாத்துத்தான் வாங்குவாரு, என்னை மட்டும் தட்டாமக் கட்டிக்கிட்டாரு" என்று அக்கா சொல்ல, நாம் சிரிக்காத நாள் உண்டா?

அவர் இறுதியாகச் சோதித்தது பளுதூக்கியில் ஏற்றவிருக்கும் தண்டு. அந்தப் பளுதூக்கியின் கீழேதான் நாள்தோறும் நாற்பது பேர் நிற்கிறீர்கள். உணரியை வைத்தார், திரையில் பழுதின் அடையாளம் ஒன்றும் எழவில்லை.

"திரை சுத்தமா இருக்கே, கையெழுத்துப் போடுங்க சார்" என்றார் மேலாளர்.

"அதுதான்யா வம்பே! மறுமுனையில முட்டித் திரும்ப வேண்டிய ஒலி எங்க? நடுவுல எவனோ முழுங்கிட்டு உக்காந்திருக்கான்!"

சாய்ந்து கிடக்கும் விரிசல் ஒலியைத் திருப்பித் தராது. வேறு பக்கம் தள்ளிவிடும். பட்டம் பெற்ற நிர்வாகத்தினர் இதை அறியாரா? அறிவர்! அறிந்தும், கையெழுத்திட மறுத்த அவரைக் கிடங்குக்கு மாற்றினர். ஒலியைச் சாய்வாகச் செலுத்தும் சாய்வு உணரியால் மறுபடி சோதிக்கக் கோரி அவர் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. கிடங்கிலேயே நெஞ்சடைத்து வீழ்ந்தார்.

சென்ற வாரம் மேலாளர் என்னிடம் வந்தார். "அவரே போயிட்டாரு, இனி எதுக்கும்மா வீம்பு? ஒரு கையெழுத்துதானே!"

ஒரு கையெழுத்துதான், ஐயா! ஒலி இரும்புக்குள் இறங்கப் பூசும் கூழைக் கருவிகளிலிருந்து துடைக்க அவரிடம் வந்த நான், நூல்களோடு மல்லுக்கட்டித் தேர்வெழுதிப் பெற்ற உரிமை அது. அதை இரவல் தருவதற்கில்லை.

நேற்று முற்பகல் சாய்வு உணரியை வைத்தேன். விரிசல் எழுந்து நின்று சாட்சி சொன்னது: என் உள்ளங்கை அகலம்! "நிராகரிக்கப்பட்டது" என எழுதிக் கையொப்பமிட்டேன். மூலம் அலுவலகத்தில், படி இதோ, தலைவர் கையில். என்னையும் கிடங்குக்கு அனுப்புங்கள். அங்கிருந்தும் இதையே எழுதுவேன்.

அடுத்து மௌன அஞ்சலி என்கிறது நிகழ்ச்சி நிரல். பொறுத்தருள்க! மௌனத்தை நற்சான்றாக எடுத்துக்கொள்ளும் இடத்தில் நாம் மௌனமாக நிற்கலாகாது. பாம்புச்செவியாரை மதிப்பவர்கள் எழுந்திருங்கள். இந்தக் கூரை அதிரச் சொல்லுங்கள்: அந்தத் தண்டு ஏறாது!