கதவுக்கு வெளியே

பீப்பாய் பீரை வீட்டில் வைத்துக் குடிப்பது அப்படியொன்றும் கடினமில்லை. குளிர் குறையக்கூடாது, வெளிக்காற்று உள்ளே போகக்கூடாது. சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவை அளவாகச் செலுத்தினால் நான்கைந்து நாள் கெடாது. மலைமேல் கொட்டச்சேட்டில் என் எஸ்டேட் பங்களாவுக்கு அடியில் ஜன்னலில்லாத சின்ன அறை ஒன்று இருக்கிறது. பெங்களூரிலிருந்து பீப்பாய் ஜீப்பில் வரும், சேலத்திலிருந்து ஐஸ். அங்கப்பன் பார்த்துக்கொள்வான்.

பதினோரு வருடம் என் சமையல்காரன். குடிக்க மாட்டான். ஆனால் நுரையை முகர்ந்தே பதம் சொல்லிவிடுவான்.

போன ஞாயிறு மதியம் மூன்று எஸ்டேட்காரர்கள் விருந்துக்கு வந்திருந்தார்கள், இன்ஸ்பெக்டர். நான் ஒரு வாய் குடித்துவிட்டு, பீர் இப்போதுதான் வந்திறங்கியது போலப் புதிதாக இருக்கிறது என்றேன். தட்டெடுக்க வந்த அங்கப்பன் என் கிளாஸை எடுத்து முகர்ந்தான்.

"இல்லீங்க மொதலாளி. காத்து பூந்து நொம்பப் புளிச்சுப் போச்சுங்க. இத அவிங்களுக்கு ஊத்தாதீங்க."

அவர்கள் சிரித்தார்கள். "இனி அங்கப்பன் சொன்னாத்தான் நாங்க குடிப்போமுங்க" என்றார் ஒருவர்.

என் மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் அவன் நினைத்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்ததனால் வெறுப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மூடிய அறையில் கரியமில வாயு நிறைந்தால் ஆள் தாங்க மாட்டான் என்று சிலிண்டர் விற்றவர் சொல்லியிருந்தார். அதனால் அங்கப்பன் எப்போதும் கதவுக்கு ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவான். திங்கள் காலை நானும் கூடப் போனேன். பீப்பாய்க்குப் பின்னால் துடைக்கச் சொன்னேன். அவன் குனிந்தபோது குழாயைக் கழற்றி சிலிண்டரை முழுக்கத் திறந்தேன். சிலிண்டரை மூடும் திருகுசாவியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, செங்கல்லைத் தள்ளிவிட்டு, தாழ்ப்பாள் போட்டேன்.

முதலில் தவறுதலாகப் பூட்டிவிட்டேன் என்று நினைத்தான் போல. "மொதலாளி, நா உள்ளதானுங்க இருக்கறேன்" என்றான். பிறகு தட்டினான். "மூச்சு முட்டுதுங்க. தொறங்க சாமி." என்னை அவன் அதற்குமுன் சாமி என்று அழைத்ததில்லை. நான் படியில் உட்கார்ந்திருந்தேன்.

தட்டுவது நின்றிருந்த நேரத்தில் அவன் மனைவி பொன்னாயி மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க மொதலாளி, எங்கூட்டுக்காரரு இங்க வந்தாருங்களா?"

"ஐஸ் வாங்க பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன்" என்றேன்.

"சொல்லாமப் போவ மாட்டாருங்களே" என்று முணுமுணுத்தபடி போனாள்.

மத்தியானம் தாழ்ப்பாளை நீக்கி அவனைப் பிணமாகக் கண்டவளும் அவள்தான். வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது என்று அவள் சொன்னது உண்மை. விபத்து என்று எழுத வேண்டாம். நான்தான் கொன்றேன்.

ஆனால் இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் போன பிறகு உள்ளேயிருந்து மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்றிருந்தால் அவளுக்கும் கேட்டிருக்கும். கட்டின புருஷன்மேல் அந்த அளவுக்காவது அவளுக்கு அக்கறை இருந்திருக்க வேண்டாமா?