கசக்காத நாக்கு

மூட்டு வலியை யாரும் ஒரு நோயாகவே மதிப்பதில்லை. நான் மதிப்பேன். படியேறும் மனிதர் பாதியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டால் எனக்கு மனசு கேட்காது. விசாரணையில் நீங்கள் மற்றதையெல்லாம் கேட்பதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

சர்க்கரை நோய் சிறுநீரகத்தை அரித்துத் தின்பதைத் தடுக்கும் ஒரு மருந்துக்காக என் வயதில் பாதியைக் கொடுத்திருக்கிறேன். எலிகளிடம் அது பிரமாதமாக வேலை செய்தது. எத்தனையோ எலிகளைப் பிழைக்க வைத்துவிட்டேன். ஆனால் எலிகள் வந்து சாட்சி சொல்வதில்லை. மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கிடைப்பதற்குள் என் தலை நரைத்துவிட்டது. மனைவி என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

பாதிப் பேருக்கு என் மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது எனக்கும் தெரியக்கூடாது. மருந்து கிடைக்காதவர்களின் சிறுநீரகம் மெல்லக் கெடும், கிடைத்தவர்களுக்குக் கெடாது. அந்த வித்தியாசம்தான் சான்று.

ஆனால் யாருக்குமே கெடவில்லை.

காரணம் எங்கள் உணவு ஆலோசகர். சின்னப் பெண். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, உப்பு எவ்வளவு, பிரஷர் மாத்திரை போட்டீர்களா, நடந்தீர்களா என்று மாமியார் மாதிரி விசாரிப்பாள். அவளுக்குப் பயந்தே எல்லோரும் ஒழுங்காக இருந்தார்கள். கண்காணிப்புக் குழுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நல்லாத்தான் இருக்காங்க டாக்டர். இப்படியே போச்சுன்னா நிறுத்திட வேண்டியதுதான்" என்றார். டீயை ஊதிக்கொண்டே சொன்னார்.

அந்த வாரம்தான் சோதனையில் இருந்த டிரைவர் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் நக்கல்.

"கிளட்ச் மிதிச்ச கால் டாக்டர். இப்ப அது என்னை மிதிக்குது."

"நம்ம மாத்திரை போட்டா நாக்கு கசக்குதா?"

"எங்க வீட்டம்மா சமையலுக்கே கசக்காத நாக்கு. இதுக்கா கசக்கப்போகுது?"

என் மருந்து நாக்கில் ஒரு கசப்பை விட்டுவிட்டுப் போகும். வெறும் மாத்திரை விடாது. இதை நான் துருவிக் கண்டுபிடிக்கவில்லை. நோயாளிகள் சிலர் தாங்களாகவே குறைப்பட்டுக்கொண்டதில் தெரிந்தது.

அவருக்கு வீரியமான வலி மாத்திரை எழுதிக் கொடுத்தேன், தினமும் போடச் சொல்லி. அடுத்த முறை கைப்பிடியைத் தொடாமல் படியேறி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு மூட்டு வலி என்று யார் வந்தாலும் முதலில் நாக்கைப் பற்றித்தான் கேட்டேன். கசக்கிறது என்றவர்களுக்குத் தைலம். கசக்கவில்லை என்றவர்களுக்கு மாத்திரை. கசக்காதவர்களில் வலியே இல்லை என்றவர்களையும் நன்றாக யோசித்துப் பார்க்கச் சொன்னேன். அந்த வயதில் எங்காவது வலிக்கத்தானே செய்யும்.

சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கு அந்த மாத்திரை ஆகாது என்று எனக்குத் தெரியாதா என்கிறீர்கள். தெரியும். அதை மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாக வித்தியாசம் வந்தது. குழுத் தலைவர் இந்த முறை எழுந்து நின்று கைகொடுத்தார். டிரைவர், "செருப்பு சின்னதாயிடுச்சு டாக்டர்" என்று வீங்கிய பாதங்களைக் காட்டினார். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். பார்க்கப் போனேன். அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "விடுங்க டாக்டர், உங்களால முடிஞ்சதைச் செஞ்சீங்க" என்றார் டிரைவர். வேறு இருவர் இறந்துவிட்டார்கள்.

உணவு ஆலோசகப் பெண்தான் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"சார், நாக்கு கசந்தவங்களுக்கெல்லாம் தைலம். கசக்காதவங்களுக்கு மட்டும் மாத்திரை. ஏன் சார்?"

"அவங்களுக்கு வலி அதிகமா இருந்துச்சும்மா."

"அவங்களுக்கு மட்டுமா?"

அவள் அழுதுகொண்டே உங்களிடம் வந்திருக்கிறாள். கெட்டிக்காரி, அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவள் மட்டும் அவ்வளவு அக்கறையாக இருந்திராவிட்டால், நான் எதுவும் செய்ய வேண்டியே வந்திருக்காது. அதை நீங்கள் அவளிடமும் கேட்க வேண்டும்.

சரி. அவர்களுடைய சிறுநீரகங்களைத் தெரிந்தேதான் கெடுத்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒன்றே ஒன்று. சோதனை முடிவை ரத்து செய்யப்போவதாகச் சொன்னீர்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். அத்தனை பேர் பாடுபட்டுக் கொடுத்த முடிவு அது. அதைக் குப்பையில் போட்டுவிட்டால், அவர்களுக்கு யார் பதில் சொல்வது?