பக்கெட்டில் ஊறிய மெஷின்

ஜெகதீஷ்: பக்கெட்ல இன்னாடி இது… ஒரே நுரையா கீது?

கஸ்தூரி: சோப்புத் தூளு மாமா. கைய வுட்டு கலக்காத. சின்னச் சின்ன கட்டைங்க, தண்ணியோட பூட்டா தேட முடியாது.

ஜெகதீஷ்: கட்டைங்களா? எந்தக் கட்டை… ஐயோ. ஷோகேஸ்ல இருந்த மெஷின் எங்க?

கஸ்தூரி: அதான் இது.

ஜெகதீஷ்: எது?

கஸ்தூரி: பக்கெட்ல கீறது. கல்யாணம் ஆயி நமக்கு வர்ற மொத ஆயுத பூஜை. மிக்ஸி, தையல் மெஷின், உன் ஸ்பேனர் பொட்டி எல்லாம் தொடச்சுப் பொட்டு வெச்சாச்சு. இது மட்டும் தூசியோட நிக்கணுமா?

ஜெகதீஷ்: அது பொம்மை, கஸ்தூரி. கட்டை கட்டையா கோத்து செஞ்ச பிளாஸ்டிக் பொம்மை.

கஸ்தூரி: தாலி கட்டின மறுநாளு இன்னா சொன்ன? “இது பொம்மை இல்ல, செல்போன் சிப்பு செய்யிற மெஷினு. நெஜ மெஷினுக்கு ஒரு பார்ட்ட எங்க அம்பத்தூர் கம்பெனில நாந்தான் கோக்குறேன்”னு சொன்னியா இல்லியா?

ஜெகதீஷ்: சொன்னேன்…

கஸ்தூரி: மெஷின்னா பூஜை உண்டு.

ஜெகதீஷ்: கடைல விக்காத பொருள்டி. நெஜ மெஷின் செய்யிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க அவங்க ஆளுங்களுக்கு மட்டும் குடுக்கறது. எங்க டீமுக்கே ஒண்ணுதான் வந்துது, குலுக்கல்ல எனக்கு வுழுந்துச்சு. இந்த மாதிரி பொம்மைய சேத்து வெக்கிறவங்க பாத்தா கண்ணுல ஒத்திக்குவாங்க.

கஸ்தூரி: நானும் ஒத்திக்கினுதான் ஊற வெச்சேன்.

ஜெகதீஷ்: வெளையாடாத. கம்பெனி பூஜை முடிச்சு பொரி பொட்லத்தோட சந்தோஷமா வந்தேன், இங்க தலையே சுத்துது… எல்லாத்தையும் பிரிச்சிட்டியா?

கஸ்தூரி: ஒண்ணு வுடாம.

ஜெகதீஷ்: நடுவுல ஒரு ரூம்பு இருக்குமே… வெள்ளைக் கதவு வெச்சது…

கஸ்தூரி: அத்தத்தான் மொதல்ல பிரிச்சேன். இன்னா, மூஞ்சி வெளுத்துப் போச்சு?

ஜெகதீஷ்: ஒண்ணுமில்ல. உள்ள… எதுவும் இல்லியே?

கஸ்தூரி: இன்னா இருக்கும்? நீதான சொன்ன, நெஜ மெஷின்ல அந்த ரூம்புல காத்து கூட இருக்கக் கூடாது, ஒரு தூசி போனா சிப்பு காலின்னு.

ஜெகதீஷ்: ஆமா. காத்து கூட… சரி நவுரு, நான் பாத்துக்கிறேன்.

கஸ்தூரி: அதுக்குத்தான் தெனம் ராத்திரி சாப்ட்டதும் கதவத் தொறந்து தூசி தட்றியா?

ஜெகதீஷ்: ஆமாண்டி.

கஸ்தூரி: தூசி தட்றவரு எதுக்கு சொம்புத் தண்ணியோட போறாராம்?

ஜெகதீஷ்: …தாகம்.

கஸ்தூரி: தாகம்.

ஜெகதீஷ்: பேச்ச வுடு. பீரோ சாவி குடு, பொம்மைய திரும்பக் கோக்குற புக்கு உள்ள கீது. எங்க, தலவாணி கீழயா? பெரிய ஜமீன் ஊடு பாரு, ராத்திரி பூரா சாவிக்கொத்து மேல படுத்துக் கெடக்குற. நம்ம ஊட்டுக்குத் திருடன் வந்தா பாவப்பட்டு அவனே எதுனா வெச்சிட்டுப் போவான்.

கஸ்தூரி: சாவி அப்பறம். இது இன்னா, சொல்லு.

ஜெகதீஷ்: எது?

கஸ்தூரி: இந்தக் குட்டி டப்பா. வெள்ளைக் கதவுக்குப் பின்னால இருந்துச்சு. உள்ள மாத்திரை.

ஜெகதீஷ்: அது… காஸ் மாத்திரை. கேன்டீன் சாம்பாரு ஒத்துக்கல.

கஸ்தூரி: காஸ் மாத்திரைய ஃபிரிஜ்ஜு மேல வெக்கலாம், சாமி படத்துக்குப் பின்னால வெக்கலாம். எவனாச்சும் மெஷினுக்குள்ள ஒளிச்சு வெப்பானா? நெஜத்தச் சொல்லு மாமா. அப்பா பூந்தமல்லில ஷேர் ஆட்டோ ஏறிட்டாராம். அவரு வர்றதுக்குள்ள சொல்லு.

ஜெகதீஷ்: உங்கப்பாவா… அவருகிட்ட சொல்லிட்டியா?

கஸ்தூரி: மொதல்ல நீ எங்கிட்ட சொல்லு.

ஜெகதீஷ்: …எனக்கு வலிப்பு கீது, கஸ்தூரி.

கஸ்தூரி: எப்பலேர்ந்து?

ஜெகதீஷ்: ஒம்போதாவது படிக்கசொல்ல வந்துது. பிரேயர்ல நின்னுகினு இருந்தேன், கண்ணத் தொறந்தா ஹெட்மாஸ்டர் ரூம்பு. மாத்திரை போட்டா வராது. இப்போ ரொம்ப நாளா வரவே இல்ல, சத்தியமா.

கஸ்தூரி: வண்டி வாங்காம பஸ்ல தொங்கிகினு போறியே…

ஜெகதீஷ்: அதுக்குத்தான். ஹைவே லாரிக்குப் பயம்னு சொன்னது பொய். நீயும் ஸ்கூட்டி வேணவே வேணாம்னியா, நல்லதாப் போச்சுன்னு வுட்டுட்டேன்.

கஸ்தூரி: பொண்ணு பாக்க வந்தப்போ ஏன் சொல்லல?

ஜெகதீஷ்: சொல்லணும்னுதான் வந்தேன். அம்மா சத்தியம் வாங்கிச்சு. “காக்கா வலிப்புன்னா எவன் பொண்ணு குடுப்பான்? தாலி ஏறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்”னு. அது இன்னிக்கும் இடுப்புல சாவிக்கொத்து இல்லாம இருக்காது. வலிப்பு வந்து இஸ்துகினா என் கைல திணிக்கறதுக்கு. இரும்பு புடிச்சா நிக்கும்னு அதுக்கு நம்பிக்கை. டாக்டரு வேணாம்னாலும் கேக்காது.

கஸ்தூரி: …இரும்பு.

ஜெகதீஷ்: சிரிக்கிறியா, அழுவுறியா?

கஸ்தூரி: தெரியல.

ஜெகதீஷ்: ஒன்ன ஏமாத்திட்டேன். தப்புதான். உங்கப்பா வந்ததும் அவரோட போறதுன்னா போ. பயமா கீது… ஆனா தடுக்க மாட்டேன்.

கஸ்தூரி: காலைலேர்ந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல மாமா. அந்த டப்பாவத் தொறந்ததும் அப்டியே தரையில ஒக்காந்துட்டேன்.

ஜெகதீஷ்: இரு… டப்பா மேல பேரே இல்லியே. அட்டையப் பிரிச்சு வெறும் மாத்திரையத்தான போட்டு வெப்பேன். பாத்ததும் ஒக்காந்துட்டேன்னா… ஒனக்கு எப்டித் தெரிஞ்சுது?

கஸ்தூரி: உளுந்து டப்பா அடியில கைய வுட்டுப் பாரு.

ஜெகதீஷ்: எதுக்கு?

கஸ்தூரி: வுடு.

ஜெகதீஷ்: …ஏதோ கவரு… கஸ்தூரி. நடுவுல கோடு போட்ட அதே மாத்திரை. என்னுத எடுத்து ஏன் இங்க வெச்ச?

கஸ்தூரி: உன்னுதத் தொடல. உன்னுது அந்த டப்பாலயே கீது, பாரு.

ஜெகதீஷ்: அப்ப இது யாருது?

கஸ்தூரி: அப்பா வந்ததும் அவரையே கேளு. உங்கம்மா சொன்ன அதே வார்த்தைய அச்சு மாறாம சொல்லித்தான் அவரும் எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு.

ஜெகதீஷ்: நீயா… நீயுமா?

கஸ்தூரி: தலவாணி கீழ சாவிக்கொத்து பின்ன எதுக்கு மாமா, திருடனுக்கா?