முன் சக்கரத்துக் கட்டுக்கம்பி

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் மேலே எழுதப்பட்டிருக்கின்றன. வயது நாற்பத்தாறு. வீடு வீடாகப் போய் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பது தொழில். எங்கள் பக்கத்தில் ஃபிரிட்ஜ்காரர் என்று கேட்டால்தான் என்னைத் தெரியும். மனைவியோடும் கல்லூரியில் படிக்கும் மகளோடும் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறேன். இதற்கு முன் எந்த வழக்கிலும் சம்பந்தப்பட்டதில்லை. வெளியே நிற்கும் பச்சைக் காரை முதலில் எடுக்க விடாதீர்கள், அதில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், மலைப்பாதையில் ஏறப் போகிறார்கள் என்று இந்தக் காவல் நிலையத்துக்கு வந்ததுமே சொன்னேன். அதற்கு எழுத்தர் சார், "எல்லாம் வரிசையா வரும், மொதல்ல பேரச் சொல்லுங்க" என்றார். ஆகவே வரிசையாகவே சொல்கிறேன்.

என்னிடமும் அதே மாடல் கார் உள்ளது. அதைச் செய்த கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டு ரொம்ப காலம் ஆகிறது. கேஸ் சிலிண்டர், கம்ப்ரஸர் எல்லாவற்றையும் அதில்தான் ஏற்றிப் போவேன். போன வாரம் முன் சக்கரம் ஆடியதால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் மைத்துனனிடம் விட்டேன். அவன் பார்த்துவிட்டு டை ராடு எண்டு தேய்ந்துவிட்டது என்றான். ஸ்டியரிங்கிலிருந்து வரும் தண்டைச் சக்கரத்தோடு பிடித்து வைக்கும் மூட்டு அது. அது கழன்றால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் சக்கரம் அதன் இஷ்டத்துக்குப் போகும்.

அதன் பிறகு நான் கடை கடையாக அலைந்தேன். முதல் கடையில் ஏசி போட்டிருந்தார்கள். பழைய எண்டைக் கையிலேயே கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். கவுண்டரில் இருந்தவர் அதை ஏறெடுத்தும் பார்க்காமல், வண்டி எந்த வருஷம் என்று கேட்டு, கம்ப்யூட்டரில் தட்டி, "அப்படி ஒரு வண்டியே இல்லயே சார்" என்றார். "வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்குது, வந்து பாருங்க" என்றேன். "சிஸ்டத்துல இல்ல சார்" என்றார். எனக்கு வந்த எரிச்சலில் அங்கேயே வாயை விட்டிருப்பேன், அடக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த கடைக்காரர் பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொல்லிச் சிரித்தார். அதற்கடுத்த கடையில் நீல ரப்பர் போட்ட புது எண்டு ஒன்றை எடுத்து நீட்டி, "இது எல்லா வண்டிக்கும் பொருந்தும்ணே, கண்ண மூடிட்டு மாட்டுங்க" என்றார்கள். வாங்கிக்கொண்டு போனேன்.

அதன் பிறகு மைத்துனன் அதைத் துளையில் விட்டுப் பார்த்து, "மாமா, இத மாட்டினா அக்காவுக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். எண்டின் முளை கூம்பு மாதிரி இருக்கும், துளையில் அச்சாக உட்கார வேண்டும். இது மெலிந்த முளை. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் உள்ளே ஆடியது. நட்டு கழலாமல் இருக்கப் போடும் ஸ்பிளிட் பின்னுக்கான ஓட்டையும் நட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர், "அப்ப ஒரிஜினல் நம்பரக் கொண்டாங்க, தேடிப் பாக்கலாம்" என்றார். என் எண்டில் இருந்த நம்பர் துரு ஏறி அழிந்திருந்தது. நம்பருக்கு நான் எங்கே போவது? வீட்டில் மனைவி, "என்னையெல்லாம் இப்படித் தேடியிருக்கீங்களா?" என்று கேட்டது தனிக்கதை.

இன்று மதியம் வங்கிக்குப் பின்னால் உள்ள வண்டி நிறுத்துமிடத்தில் மேற்படி பச்சைக் காரைப் பார்த்தேன். என் மாடலேதான். கடவுளே கொண்டுவந்து நிறுத்திய மாதிரி இருந்தது. உடையவர் யாரும் பக்கத்தில் இல்லை. கேட்காமல் படுத்தது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். செல்போன் வெளிச்சத்தில் எண்டின் மேல் நம்பர் தெரிகிறதா என்று பார்க்க முன் சக்கரத்துக்கு அடியில் தலையை விட்டேன். அதே நீல ரப்பர். அதே மெலிந்த முளை. ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய இடத்தில் கட்டடத்துக்குக் கம்பி கட்டுவார்களே, அந்தக் கட்டுக்கம்பியைச் சுற்றி விட்டிருந்தார்கள். நட்டு பாதி கழன்று இறங்கியிருந்தது. நான் எதையும் தொடவில்லை.

அதன் பிறகு யாரோ என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். இழுத்தவர்தான் காரின் உடைமஸ்தர். "திருட்டு நாயே, எதடா கழட்டின?" என்று சட்டையைப் பிடித்தார். கம்பியைப் பற்றிச் சொன்னேன். "மலை ஏறணும்னு நேத்துதான்டா புதுசு மாத்தினேன், பில்லு வச்சிருக்கேன்" என்று கத்தினார். குனிந்து பாருங்கள் என்று கெஞ்சினேன், குனியவில்லை. கூட்டம் கூடி இரண்டு அறையும் விழுந்தது. அது வலிக்கவில்லை. அதற்குள் அவர் மனைவி இரண்டு பிள்ளைகளையும் பின் சீட்டில் ஏற்றியிருந்தார்; சின்னவள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு காவல் நிலையத்துக்கு அழைத்து வரப்பட்டேன். அவரும் குடும்பத்தோடு அதே காரை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். வழியெல்லாம் எனக்கு உயிரே இல்லை. யாராவது அந்தச் சக்கரத்தைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தால் போதும் என்று இங்கே இருந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "நீங்க என்ன மெக்கானிக்கா?" என்று கேட்டார்கள். ஃபிரிட்ஜ் மெக்கானிக் என்றேன். சிரித்தார்கள். உடைமஸ்தர், இருட்டுவதற்குள் மலை ஏறியாக வேண்டும், மாமியார் காத்திருக்கிறார், புகாரை எழுதிக்கொண்டு விடுங்கள் என்றார். இதுவரை சொன்னதைப் படித்துக் காட்டிய பிறகு எழுத்தர் சார், "எதையும் தொடலைன்னு சொல்லிட்டீங்க. அப்ப அவர் கெளம்பலாம். கழட்டியிருந்தாதான் வண்டி இங்க நிக்கணும், ஆளு வந்து சோதிக்கணும்" என்றார். நிச்சயமாக அப்படித்தானா என்று கேட்டேன். நிச்சயமாக என்றார்.

அப்போது வெளியே அந்தக் கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு நான் முதலில் சொன்னதை மாற்றிச் சொல்கிறேன். மேற்படி காரின் முன் சக்கர நட்டைக் கழற்றியது நான்தான். எதை வைத்து என்று கேட்டதற்கு, என் பையில் உள்ள ஸ்பேனரால் என்று சொல்கிறேன். எதற்காக என்று கேட்டதற்கு, அந்த எண்டைத் திருடுவதற்காக என்று சொல்கிறேன். அப்படியானால் கட்டுக்கம்பியைச் சுற்றியது யார் என்று கேட்டதற்கு, அதுவும் நான்தான் என்று சொல்கிறேன். திருட வந்தவன் எதற்குக் கம்பி கட்டுகிறான் என்று எழுத்தர் சார் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். "எழுதுங்க சார், மொதல்ல சாவிய வாங்குங்க" என்றேன்.

இதற்கு என்ன தண்டனை என்று எனக்கு விளக்கப்பட்டது. யாராவது வற்புறுத்தி இப்படிச் சொல்கிறீர்களா என்று கேட்டதற்கு, மூன்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்கள் என்றேன். அதை எழுத முடியாது என்றார். யாருடைய வற்புறுத்தலும் இல்லை என்றே எழுதிக்கொள்ளச் சம்மதித்தேன். கார் சாவி இப்போது மேஜைமேல் இருக்கிறது. அந்த அம்மாள் பைகளை இறக்கிவிட்டு, தூங்கும் சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சாபம் விட்டுக்கொண்டிருக்கிறார். நான் சொன்னபடியே எழுதியிருப்பதைப் படிக்கக் கேட்டேன். இதில் கண்டது யாவும் உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)