நிழலில் நின்ற வண்டி

வாடகை ஸ்கூட்டர் எங்கள் ஊருக்கு வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, சார். கலர்கூட எனக்குப் பிடித்திருந்தது. நல்ல கிளிப்பச்சை. பிள்ளைகள் முதல் நாளே கிளி வண்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். பேட்டரி வண்டி, ஓட்டினால் சத்தமே வராது. பின்னால் வந்து நிற்பது தெரியாமல் திடுக்கிட்டு, எங்கள் வார்டில் இரண்டு பேர் சாக்கடைக்குள் கால் வைத்தார்கள். அந்த வண்டிகளால் நடந்த கெடுதல் அவ்வளவுதான், கடைசியில் நடந்ததைத் தவிர.

அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். யாரும் கூப்பிடவில்லை, நானாக வந்தேன். முனியராஜைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவன் அதைச் செய்யவில்லை. செய்யாதவன் கம்பிக்குப் பின்னால் இருப்பது எனக்குப் பிடிக்காது. என்னை அப்படி வளர்க்கவில்லை.

என் பேர் சுந்தரபாண்டி. ஊரில் கவுன்சிலர் என்பார்கள். உண்மையில் கவுன்சிலர் என் மனைவி அழகுமீனா. எங்களுடையது பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. போஸ்டரில் அவள் கும்பிட்டபடி நிற்பாள், அவளுக்குமேல் என் படம் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஜெயித்த அன்று மாலை என் கழுத்தில்தான் விழுந்தது. எங்கள் நகராட்சியில் பெண்கள் வார்டு எல்லாவற்றிலும் இதே ஏற்பாடுதான். மன்றக் கூட்டத்தில் அவர்கள் முன்னால் உட்காருவார்கள், வீட்டுக்காரர்கள் நாங்கள் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில். தீர்மானத்துக்குக் கை தூக்க வேண்டிய நேரத்தில் நாங்கள் தொண்டையைச் செருமுவோம், அவர்கள் தூக்குவார்கள். ஒருதடவை எனக்கு நிஜமாகவே சளி பிடித்து இருமப்போய், குப்பை வரியை ஏற்றும் தீர்மானம் நிறைவேறிவிட்டது. வார்டுக்காரர்கள் ரொம்ப நாள் என்னைத் திட்டினார்கள்.

பிறகு புதிதாக ஒரு கமிஷனர் வந்தார். வந்த வேகத்தில், கவுன்சிலர்களைத் தவிர யாரும் கூட்ட அரங்குக்குள் வரக் கூடாது என்று கதவில் ஆள் போட்டுவிட்டார். வீட்டுக்காரர்கள் எல்லாரும் வெளியே, பரீட்சை எழுதப்போன பிள்ளைக்குக் காத்திருக்கும் பெற்றோர் மாதிரி நின்றோம். அழகுமீனா வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“என்ன நடந்துச்சு?”

“ஒரு கேள்வி கேட்டேங்க.”

“நீயா? என்ன கேட்டே?”

“நம்ம தெருவிளக்கு ஏன் எரியலேன்னு கேட்டேன். நாளைக்கு எரியும்னு சொல்லிட்டாக.”

மறுநாள் எரிந்தது. அந்த விளக்குக்காக நான் ரெண்டு வருடமாக லைன்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், சார். அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஆனைக்குட்டம் போகிற ரோட்டில் பட்டாசுத் தொழிலாளர்களுக்குக் குறைந்த விலையில் கட்டிய அடுக்குமாடி வீடுகள் சும்மா பூட்டிக் கிடந்தன. யாருக்கு ஒதுக்குவது என்பதில் கவுன்சிலர்கள் ஆளுக்கொரு பங்கு கேட்டதால்தான் அந்தப் பூட்டு. எல்லார் முன்னாலும் குலுக்கல் போட வேண்டும் என்று அழகுமீனா தீர்மானம் கொண்டுவந்தாள். போட்டார்கள். ஓட்டை ஓலைக் குடிசையில் கிடந்தவர்களெல்லாம் மாடி ஏறினார்கள். அங்கிருந்து பட்டாசுக் கம்பெனிகளுக்குப் பெண்கள் லோடு வேனில் நின்றுகொண்டு போவதைப் பார்த்துவிட்டு, அடுத்ததாக வாடகை ஸ்கூட்டர் கேட்டாள்.

அந்தத் தீர்மானம் வந்த அன்று கூட்டத்தில் நல்ல கூத்து. கதவு இடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தர், வண்டியை யார் கழுவுவது என்றார். இன்னொருத்தர், ஹாரனுக்குப் பதிலாகச் சாமிப் பாட்டு வைக்கலாமே என்றார். வண்டி நிறுத்தக் கேட்ட இடத்தில் கோயில் மாடு படுக்கும், அது எங்கே போகும் என்று ஒரு பிரச்சினை. அழகுமீனா எழுந்து, “மாட்டுக்கும் சேத்து நிழல் இருக்குங்கய்யா, அம்புட்டுப் பெரிய வேப்பமரம்” என்றாள். மன்றமே சிரித்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நானும் வெளியே நின்று சிரித்தேன்.

என் கஷ்டம் சாயங்காலங்களில்தான் ஆரம்பித்தது. முன்பெல்லாம் வீட்டு வாசலில் செருப்பு நிறைந்து கிடக்கும். கடை லைசென்ஸா, குடிதண்ணீர்க் குழாயா, பிறப்புச் சான்றிதழா, எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். இப்போதும் செருப்பு கிடந்தது. ஆனால் பேச்சு மாறிவிட்டது.

“கவுன்சிலர் இருக்காகளா?”

“சொல்லுங்க, இருக்கேன்.”

“இல்ல அண்ணாச்சி, அக்காவப் பாக்கணும்.”

நான் உள்ளே போய் அவளைக் கூப்பிட்டு அனுப்புவேன். வந்தவர்களுக்கு டீ போடுவதும் நானே. வயிறு எரிந்தது, சார். இதை மறைக்க என்ன இருக்கிறது. ஒரு மனிதனை அவன் வீட்டு வாசலிலேயே வைத்து, ஆளைக் கூப்பிடுகிற ஆளாக்கிவிட்டார்கள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால்கூடச் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

கடைசியாக அவள் லைசென்ஸில் கை வைத்தாள். வீடு, கடை, குடோன் எல்லாவற்றையும் நேரில் பார்த்த பிறகுதான் தொழில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். மாடி வீடுகளில் யாராவது கருந்திரி உருட்டினால் ஒதுக்கிய வீடு ரத்து. கருந்திரி என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருந்து தடவிக் காயவைத்த நூல், வெடிக்கு வைக்கிற திரி. கம்பெனியில் செய்ய லைசென்ஸ் உண்டு, வீட்டில் செய்தால் கேஸ். ஆனாலும் சீசனில் ஆர்டர் குவிந்தால் வீட்டில் உருட்டுவார்கள். நானும் அந்தக் காலத்தில் நிறையப் பேருக்குக் கண்ணை மூடிக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறேன்.

முனியராஜ் வீட்டில் ஒரு கட்டு அகப்பட்டது. அதை வைத்துத்தானே அவனைப் பிடித்தீர்கள். அழகுமீனாவே பார்த்துவிட்டாள். அவன் பெண்டாட்டி வேலுத்தாய் காலில் விழுந்து அழுதிருக்கிறாள். இவளும் மனசு இளகி, “போலீஸ் ஸ்டேசன்ல நீயாவே ஒப்படைச்சிரு. வீட்ட ரத்து பண்ணாம நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லியிருக்கிறாள். முனியராஜ் அங்கே போகப் பயந்துகொண்டு, மறுநாள் கட்டைச் சாக்கில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தான்.

“அண்ணாச்சி, நீங்க கூட வாரீகளா? ஒத்தையில போனா என்னய உக்கார வச்சிருவாக.”

“நீ எதுக்கு அலையுதே? குடுத்துட்டுப் போ, நான் பாத்துக்கிடுதேன்.”

கும்பிட்டுவிட்டுப் போனான். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒருத்தன் அக்காவைக் கேட்காமல் என்னைக் கேட்டு வந்தான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்களிடம் அவன் என் பேரைச் சொல்லியிருக்க மாட்டான். நல்ல பையன், நன்றியுள்ளவன்.

நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை. சாக்கோடு மாடி வீடுகளுக்குப் போனேன். வேப்பமரத்தடியில் ஒரே ஒரு கிளி வண்டி நின்றது, மற்றவை வெயிலில். அதற்குப் பூட்டு சரியிருக்காது, சீட்டை ஓங்கித் தட்டினால் திறந்துகொள்ளும். அதற்குள் வைத்து மூடினேன். திட்டம் ரொம்பச் சாதாரணமானது. வாடகை ஸ்கூட்டரில் கருந்திரி கடத்துகிறார்கள் என்று உங்களுக்கு ஒரு போன் போடுவேன். நீங்கள் வந்து எடுப்பீர்கள். பேப்பரில் வரும். வண்டித் திட்டம் நிற்கும், அழகுமீனா ஓய்ந்துபோய் வீட்டுக்கு வந்து அழுவாள். நான் தேற்றுவேன். அதற்கப்புறம் எந்தத் தீர்மானமானாலும் என்னை ஒரு வார்த்தை கேட்பாள். எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

நிழலில் நின்ற வண்டியில் ஏன் வைத்தாய் என்பீர்கள். வெயிலில் நிற்கிற வண்டியில் வைத்தால் ஆபத்தில்லையா? கருந்திரிக்குச் சூடும் ஆகாது, உரசலும் ஆகாது. இது எங்கள் பக்கம் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அதை யோசித்துத்தான் நிழல் பார்த்து வைத்தேன். பொறுப்பில்லாதவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

அந்தப் போன் போகவில்லை. டவர் கிடைக்கவில்லை என்று சொல்லலாமென்று வழியில் நினைத்துக்கொண்டு வந்தேன். எதற்குப் பொய்? டவர் நன்றாகவே இருந்தது. டீ குடித்துவிட்டுப் போடலாம் என்று எதிர்க்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் போன மாதக் கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த கலாட்டாவைச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். டீ முடிந்ததும் இன்னொரு டீ சொன்னேன்.

அழகுமீனா மாடி வீடுகளில் லைசென்ஸ் சோதனையை முடித்துவிட்டு இறங்கி வந்தாள். காலையில் என் பைக்கில் நான்தான் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தேன். அங்கிருந்து கூட்டத்துக்கு எப்போதும் கிளி வண்டியில்தான் போவாள். மற்றப் பெண்களுக்குப் பயம் போகட்டும் என்று ஆரம்பித்த பழக்கம். சீட்டு சுடாமல் நிழலில் நிற்கிற வண்டியாகப் பார்த்து எடுப்பாள். மரத்தடிக்குப் போனாள், வண்டியை எடுத்தாள். கடைக்கு முன்னால் வந்து நிறுத்தினாள்.

“மத்தியானம் சோத்துக்குக் காத்திருக்காதீக. இன்னைக்கு மீட்டிங் இழுக்கும்” என்றாள்.

“பாத்துப் போ” என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். சிரித்த முகமாகத்தான் போனாள். கண்மாய்க்கரை தாண்டி, ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிற இடத்தில் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் யாரும் முதலில் திரும்பிப் பார்ப்பதில்லை, எந்தக் கம்பெனி என்றுதான் கேட்பார்கள். கடைக்காரரும் அதைத்தான் கேட்டார். கிளாஸை வைத்துவிட்டு எழுந்து ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது தூக்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் வேறு யாரும் வரவில்லை, அதை ஒரு புண்ணியமாகத்தான் நினைக்கிறேன்.

சாவுக்கு ஊரே திரண்டு வந்தது. சாத்தூரிலிருந்துகூட ஆள் வந்தார்கள். கமிஷனர் மாலை போட்டார். நான் அழுதேன், சார், பொய்யாக அழவில்லை. வந்தவர்களெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்கள்.

ஆகவே நீங்கள் எழுத வேண்டியது இதுதான். கட்டை வைத்தது நான், முனியராஜ் இல்லை. அவனை விட்டுவிடுங்கள். ஆனால் அழகுமீனா அந்த வண்டியை எடுத்த நேரத்தில் அந்தக் கட்டு ஞாபகமே எனக்கு வரவில்லை. டீக்கடைப் பேச்சில் மனசு வேறெங்கோ போய்விட்டது. மறதிதான். கட்டிய பெண்டாட்டி சாகட்டும் என்று யாராவது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா?

உயிர் என்றால் எனக்கு எவ்வளவு பயம் என்பதற்கு ஒரு விஷயம் சொல்கிறேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அழகுமீனா மாடியிலிருந்து இறங்கி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வேலுத்தாய் கம்பெனிக்குப் புறப்பட்டு வந்தாள். நேராக மரத்தடி வண்டிக்குத்தான் போனாள். நான் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய் மறித்தேன்.

“வேலுத்தாயி, அதுல பிரேக் சரியில்ல. அங்கன நிக்கிறத எடு.”

“அது வெயில்ல நிக்கி அண்ணாச்சி. சீட்டு சுடுமே.”

என் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அந்தச் சீட்டில் நானே விரித்துக் கொடுத்தேன். பிள்ளைக்காரி, பாவம். துண்டு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. புருஷனுக்காக இந்த ஸ்டேஷன் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டுக் கேளுங்கள் சார், நான் எப்படிப்பட்ட ஆள் என்று அவளே சொல்வாள்.