கேப்டனின் தங்கப் பல்

— அந்த அண்டா மூடியைத் திற, கலிரோய்.

— திறந்தா ஆவி மூஞ்சியில அடிக்கும், தலைவரே. முறுக்கி வச்ச மீசை தொங்கிப் போயிடும். ஞாயித்துக்கிழமை உங்கப்பா சிலையைத் திறக்க வர்ற பிஷப் முன்னாடி அந்த மீசையோடதானே நிக்கணும்?

— பேச்சை மாத்தாதே. உள்ளே என்ன கொதிக்குது?

— துணி.

— துணியா? படகுத்துறை வரைக்கும் நாத்தம் அடிக்குது.

— சாயம் போடுறேன். பின்னே ரோஜாப்பூவா மணக்கும்?

— நான் சொல்றதைக் கவனி. நான் இங்கே பக்கத்து வீட்டுக்காரனா வரல. இந்த ஊருக்குத் தலைவனா வந்திருக்கேன்.

— அது தூரத்துலயே தெரிஞ்சுது. இந்த வெயில்ல கோட்டு, டை எல்லாம் மாட்டிக்கிட்டுக் காயப் போட்ட வலையைத் தாண்டித் தாண்டி வர்ற மனுஷன் இந்தத் தீவுலயே ஒருத்தர்தான்.

— நேத்து எங்கப்பா குழியைத் தோண்டினப்போ...

— எனக்கே கதை சொல்றீங்களா? எலும்பை ஒயின்ல கழுவினதே நான்தான். அஞ்சு வருஷம் ஆனதும் தோண்டி எடுக்கிற எலும்பைக் கழுவிப் பெட்டியில அடுக்கிறது வழக்கமா வீட்டுப் பொம்பளைங்க செய்யிற வேலை. உங்க சம்சாரத்துக்குத் தலை சுத்துதுன்னு என்னைக் கூப்பிட்டு விட்டது நீங்க.

— கூப்பிட்டதுதான் தப்பு. குழி வெட்டுற புரோகோபிஸ் காப்பிக்கடையில உக்காந்து என்ன சொல்றான் தெரியுமா? மண்டையோட்டுல தங்கப் பல்லு இல்லையாம்.

— இல்லைதான்.

— அப்பா சிரிச்சா துறைமுகத்துக்கே தெரியுமே அந்தப் பல்லு! ஊருக்கே ஒரே ஒரு தங்கப் பல்லு. அஞ்சு வருஷம் மண்ணுக்குள்ள கிடந்தா சதை கரையும். தங்கம் கரையுமா?

— கரையாது.

— கரையாது. அப்போ யாரோ எடுத்திருக்கணும். கோயிலுக்குப் பின்னாடி கதவைச் சாத்திக்கிட்டுத் தனியா உக்காந்து கழுவினது நீ ஒருத்திதான். மத்தியானம் வரைக்கும் யாரையும் உள்ளே விடலையாமே. ஒரு ஆளைக் கழுவ அவ்வளவு நேரமா?

— ஓ, அதான் அண்டாவை மோப்பம் பிடிக்கிறீங்களா? தங்கத்தை ரெண்டு சுள்ளியில உருக்க முடியும்னா நான் ஏன் தலைவரே ஊரான் வலையைத் தைச்சுக்கிட்டுக் கிடக்கிறேன்?

— உருக்கினியோ முழுங்கினியோ, எனக்கு வேண்டாம். எடுத்தேன்னு ஒத்துக்கோ. அவ்வளவுதான்.

— அப்புறம் போலீஸா?

— எதுக்குப் போலீஸ்? ஏழைப் பொம்பளை. புருஷன் விட்டுட்டு ஓடிப்போனவ. ஏதோ சபலம், கை நீண்டுடுச்சு. காப்பிக்கடை முன்னாடி வந்து ஒரு வார்த்தை சொல்லு. நானே எழுந்து நின்னு மன்னிச்சுடறேன். தலைவன்னா மன்னிக்கத் தெரிஞ்சவன். அதை ஊரும் பார்க்கட்டும்.

— மன்னிப்புப் பேச்சு எழுதியாச்சா?

— எழுதல. மனசுல இருக்கு.

— அப்போ மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடியாது.

— சிரிக்காதே! பெட்டி எங்கே? சாயங்காலம் கோயிலுக்குப் போனேன், எலும்புப் பெட்டியைக் காணோம்.

— சாயங்காலமா? உங்களுக்கு அங்கே என்ன வேலை?

— பிரார்த்தனை.

— ஈஸ்டருக்கே வாசல்ல நின்னு சிகரெட் பிடிக்கிற ஆளாச்சே நீங்க.

— பெட்டி எங்கேன்னு கேட்டேன்.

— உள்ளே. கட்டில் மேல.

— கட்டில் மேலயா! எங்கப்பாவையா! யாரைக் கேட்டுத் தூக்கிட்டு வந்தே?

— வெயில்ல காய வைக்க வேண்டாமா? கோயில் முத்தத்துல நாய் சுத்துது. இங்கே கொண்டு வந்து காய வச்சு, துடைச்சு, துணி விரிச்சு அடுக்கியிருக்கேன்.

— ம். எலும்பு... என்ன நிறம்?

— தேன் நிறம். கறுப்பு ஒரு பொட்டு இல்ல.

— தேன் நிறம்! பார்த்தியா! பாவம் பண்ணவனுக்குத்தான் கறுத்துக் கிடக்கும். இதை நீ பிஷப்கிட்ட உன் வாயாலயே சொல்லணும்.

— சொல்றேன். பாவம் அறியாத மனுஷனோட எலும்புன்னு சிலுவை மேல கை வச்சுச் சொல்றேன்.

— சிலையும் வந்து இறங்கியாச்சு. அசல் சலவைக்கல்லு.

— பார்த்தேன். வைக்கோலுக்கு வெளியே மூக்கு தெரியுது. உங்க மூக்கு மாதிரி இருக்கே?

— அப்பாவோட நல்ல போட்டோ ஒண்ணு கூட இல்ல. சிற்பிக்கு மாடலா நானே உக்காந்தேன். அதை விடு, கீழே என்ன எழுதியிருக்கு தெரியுமா? "சூறாவளிக்கு அஞ்சாது தன்னந்தனியே படகைச் செலுத்தி, கவிழ்ந்த படகினர் இருவரைக் கரைசேர்த்து, மூன்றாமவனைத் தேடித் திரும்பிச் சென்று, அலைகடலில் அமரரான மாவீரர் கேப்டன் அனஸ்தாஸி."

— படிக்கவே மூச்சு வாங்குது. அந்த ரெண்டு பேரும் உங்கப்பா மூஞ்சியைப் பார்த்தாங்களா?

— ஏன் கேக்கறே?

— சும்மாதான்.

— வேத்துத் தீவு ஆளுங்க. இருட்டு, மழை. பித்தளைப் பொத்தான் வச்ச கேப்டன் கோட்டைப் பார்த்தோம்னாங்க. போதாதா? குகைப் பக்கம் பிணம் ஒதுங்கினப்போ நானும் அந்தக் கோட்டை வச்சுத்தானே அடையாளம் சொன்னேன். மூஞ்சியை மீன் விட்டு வைக்கல.

— உங்கப்பாவுக்கு எப்பவாவது கால் ஒடிஞ்சுதா?

— எங்கப்பாவுக்கா? அறுபது வயசுலயும் பாய்மரம் ஏறினவரு! என்ன கேள்வி இது? எதுக்கு அடி போடறே?

— பெட்டிக்குள்ள இருக்கிற ஆளுக்கு இடது முழங்காலுக்குக் கீழே ஒடிஞ்சு, கோணலா கூடியிருக்கு.

— மண்ணு அழுத்தி வளைஞ்சிருக்கும்.

— மண்ணு அழுத்தினா நொறுங்கும், தலைவரே. ஒடிஞ்ச இடத்துல மேடு கட்டாது. கல்யாணமான வருஷம் கூரை வேயும்போது விழுந்தான். எலும்பு கட்டுறவன் ஊசோ சாராயம் குடிச்சுட்டு வந்து கட்டினான். அப்புறம் மழை வந்தாலே வலி. ஆலிவ் எண்ணெயைக் காய்ச்சி நான்தான் தேய்ச்சு விடுவேன்.

— யாரைப் பத்திப் பேசறே?

— நேத்து ஒயின் சட்டியிலேருந்து அந்த எலும்பைக் கையில எடுத்தேன். கட்டைவிரல் தானா போய் அந்த மேட்டுல நின்னுடுச்சு. அதுக்கு அப்புறம்தான் கதவைச் சாத்தினேன்.

— ஸ்ட்ராட்டிஸா? நொண்டி ஸ்ட்ராட்டிஸா? கலிரோய், உனக்கு வெயில் தலைக்கேறிடுச்சு. அவன் திருவிழாவுக்குப் பாட வந்தவளோட ஓடிப்போனவன்! விடிகாலைப் படகுல அவகூட ஏறினதைப் படகுக்காரன் யாக்கோவிஸ் கண்ணால பார்த்தான்!

— என்னத்தைப் பார்த்தான்? தலைக்கு மேல இழுத்து மூடின ஒரு கட்டம் போட்ட கம்பளிக் கோட்டைப் பார்த்தான். அது ஸ்ட்ராட்டிஸ் கோட்டுதான். உள்ளே இருந்தது யாரு?

— என்ன சொல்ல வர்றே?

— திருவிழா ராத்திரிதான் புயலும் வந்துச்சு. ஸ்ட்ராட்டிஸ் உங்கப்பா படகுல கூலிக்கு இருந்தவன். "படகைப் பத்திரமா குகைத்துறைக்குக் கொண்டு போய்க் கட்டுடா, குளிருது, என் கோட்டைப் போட்டுக்கோ, உன்னுதைக் கொடு"ன்னு முதலாளி சொன்னா, அவன் மாட்டேன்னா சொல்லுவான்? போற வழியில கத்துற சத்தம் கேட்டிருக்கும். திரும்பியிருப்பான். அவனுக்கு நீந்தக்கூட சரியா வராது, தலைவரே.

— எங்கப்பா ஒரு பாட்டுக்காரியோட... வாயை அலம்பு!

— கோட்டு ரெண்டு, ஆளு ரெண்டு. ஒருத்தன் கடலோட போனான், ஒருத்தன் அவளோட போனான். ஊரு முகத்தையே பார்க்கல. கோட்டுக்கு மாலை போட்டுச்சு, கோட்டைக் காறித் துப்புச்சு.

— இது அவதூறு. ஒரு மாவீரரின் நினைவுக்கு இழைக்கப்படும்...

— மேடைப் பேச்சு வேண்டாம், இங்கே நானும் அண்டாவும்தான் இருக்கோம். அஞ்சு வருஷம் என்னைக் கறுப்பு உடுத்த விட்டீங்களா? "ஓடிப்போனவன் பொண்டாட்டிக்கு எதுக்குத் துக்கம்"னு காப்பிக்கடையில எழுந்து நின்னு சொன்னது யாரு? நீங்க. வருஷா வருஷம் உங்கப்பா நினைவுநாளுக்குக் கோதுமை அவிச்சுக் கொடுத்தது யாரு? நான். என் புருஷனை நாசமாப் போக, நாசமாப் போகன்னு திட்டிக்கிட்டே, அவனுக்கே அவிச்சிருக்கேன்.

— சரி. இப்போ உனக்கு என்ன வேணும்?

— அண்டாவுல இருக்கிறது என் உடுப்பு. ஞாயித்துக்கிழமை கறுப்பு உடுத்திக்கிட்டு அந்தப் பெட்டிக்குப் பின்னாடி பொண்டாட்டியா நடக்கணும். பெட்டி மேல அவன் பேரு இருக்கணும். அவ்வளவுதான். சிலையை நீங்களே வச்சுக்குங்க. மூக்கும் உங்களுதுதானே.

— அக்கா...

— அக்காவா? "அரிஸ்தோ"ன்னு கூப்பிட்டதுக்கு "தலைவர்னு சொல்லு"ன்னு நடுத்தெருவுல திருத்தின ஆளாச்சே!

— அக்கா, கோவத்தை விடுங்க, கொஞ்சம் யோசிங்க. காலு கோணல்னு சொன்னா யாருக்கு ஞாபகம் இருக்கப் போகுது? ஊருக்கு ஞாபகம் இருக்கிறது பல்லுதான். பல்லு இருந்தா அது எங்கப்பா. முடிஞ்சுது. உங்களைத் திருடின்னு சொல்லவும் யாருக்கும் வாய் வராது. இதைப் பாருங்க.

— கைக்குட்டையில என்ன?

— பல்லு. கலப்படமில்லாத தங்கம். தாடையில வச்சு ஒரு அழுத்து அழுத்தினா உக்காந்துக்கும். ஒயின் சட்டி அடியில கிடந்துச்சு, இப்பத்தான் கண்ணுல பட்டுதுன்னு சொல்லுங்க. நீங்களும் நல்லவங்க, நானும் நல்லவன். ஸ்ட்ராட்டிஸுக்கு நானே தனியா ஒரு மெழுகுவத்தி ஏத்தறேன், பெருசா.

— அச்சு அசலா இருக்கே. நம்ம ஊர்ல இதையெல்லாம் யாரு செய்யிறாங்க?

— நம்ம ஊர்லயா? முடி வெட்டுறவனேதான் இங்கே பல்லும் பிடுங்குறான். இது பெரிய தீவுல, பல் டாக்டர்கிட்டச் செஞ்சது. நல்ல வேலைக்காரன். ஆனா மனுஷனை அலைய விட்டே கொன்னுட்டான்.

— அப்படியா?

— பின்னே? முழுசா ஒரு மாசம் இழுத்தடிச்சான், அக்கா! ஒவ்வொரு தடவையும் படகுல வாந்தி எடுத்துக்கிட்டே போய்ட்டு வந்தேன்.

— அரிஸ்தோ... குழியைத் தோண்டினது நேத்துதானே. மண்டையோட்டுல பல்லு இருக்காதுன்னு ஒரு மாசம் முன்னாடியே உனக்கு எப்படிடா தெரியும்?