வாயின் வாடையும் வாசலோரப் பாயும்

புயுங்!

உன் அம்மா உன்னைக் கூப்பிட்ட பெயர் அது. அவள் போன பிறகு நான் எடுத்துக்கொண்டேன். நம் கல்யாணத்தன்று உனக்கு மாலின் மாராஜோ என்று பட்டம் சூட்டினார்கள். அன்றுமுதல் ஊருக்கெல்லாம் நீ மாராஜோ. அடுப்படியில் மட்டும், எனக்கு மட்டும், புயுங். இன்று ஊர் நடுவே மைக் வைத்து அந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. சபைக்கு ஸலாம் சொல்லிவிட்டு உன்னிடம் வருகிறேன்.

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஊர்த்தலைவர் அவர்களே! குலத்துக்குக் குடையாய், குடிக்கு நிழலாய் விளங்கும் குலத்தலைவர்களே, தாத்துக் பெருமக்களே! பள்ளிவாசல் இமாம் அவர்களே! பெரிய வீடுகளின் நடுத்தூணாய் நிற்கும் தாய்மார்களே! மலைப்பாதையின் வளைவுகளில் பல் வைத்திய வண்டியை இறக்கி, எங்கள் ஏரிக்கரைவரை கொண்டுவந்து சேர்த்த டாக்டரம்மா அவர்களே! காப்பிக்கடை நிழலில் ஒதுங்கி நின்று, கேட்காததுபோலக் கேட்டுக்கொண்டிருக்கும் மாப்பிள்ளைமார்களே! உங்கள் அனைவர்மீதும் சாந்தி உண்டாவதாக!

நான் அஸ்னிமார். மிளகாய் காயவைத்து விற்பவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். என்னை எதற்கு மேடை ஏற்றினார்கள்? அதோ முன்வரிசையில், கைத்தடியில் தாடையை ஊன்றி உட்கார்ந்திருக்கிறாரே, எங்கள் வீட்டின் தலைவர், என் தாய்மாமா, அவர்தான் ஏற்றினார். "நீயே பேசும்மா. நான் பேசுனா சுத்தி வளைச்சுத்தான் வரும். சுத்தி வளைச்சுப் பேசித்தானே அந்தப் புள்ளைய, உன் புருசன, அனுப்புனேன்" என்றார்.

சபையோரே, இன்று நான் வளைக்கப்போவதில்லை. பேச வந்த பொருள், வாய் நாற்றம். என்ன, முந்தானையால் மூக்கை மூடுகிறீர்கள்? சொல்லுக்கே நாற்றம் வந்துவிட்டதா?

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. கட்டியவன் வந்து சேருகிறவன். மாப்பிள்ளை என்றால் எரிந்த கட்டையின்மேல் சாம்பல், ஊதினால் பறந்துபோவான். அதனால்தான் முன்னோர் ஒரு விதி வைத்தார்கள்: மாப்பிள்ளையிடம் நேராகப் பேசாதே, சாய்த்துப் பேசு. நல்ல விதி. மரியாதையான விதி. ஆனால் மரியாதை மருந்தாகுமா? மரியாதை சொத்தைப் பல்லைப் பிடுங்குமா?

என் கணவருக்கு வாய் நாறியது. முதலில் ஜெங்கோல் கொட்டை தின்றதால் என்றார்கள். அங்கே யார் சிரிக்கிறது? நேற்று நீங்களும்தானே தின்றீர்கள்? ஜெங்கோல் நாற்றம் வந்த வழியே போய்விடும். இது போகவில்லை. நான் அவரிடம் நேராகவே சொன்னேன். பெண்டாட்டிக்கு அந்த உரிமை உண்டு.

"புயுங், உங்க வாய் நாறுது."

"உன் சம்பல் மட்டும் மணக்குதாக்கும்?"

"சம்பலக் கழுவுனா போயிடும். வாயத் திறங்க, பாப்போம்."

திறந்தார். பின்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று உள்ளே கறுத்துக் குடைந்துபோயிருந்தது. நகரத்துக்குப் போய்ப் பிடுங்கிவிடலாம் என்றேன். "மேல்பல்லப் புடுங்குனா கண்ணு போயிடும்னு எங்கப்பா சொல்லுவாரு" என்று நழுவினார். சரி, வலிக்கும்போது தானே வருவார் என்று, கொய்யா இலை கொதித்த நீரும் உப்பு நீரும் கொடுத்துவந்தேன். காலையில் குறையும், சாயங்காலம் திரும்பும். கெஞ்சிக் கெஞ்சி, அறுப்பு முடிந்ததும் போவோம் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன்.

அறுப்பு முடியவில்லை. அதற்குள் வீடு பேசத் தொடங்கியது. எப்படிப் பேசியது? வாயால் அல்ல! அவர் சோற்றுத் தட்டின் அருகே கிராம்பு வந்து உட்கார்ந்தது. யார் வைத்தார்கள் என்று கேட்டால் யாரும் வைக்கவில்லை. அவர் குடிக்கும் குவளை தனியாக ஒரு ஆணியில் தொங்கியது. ஏன் என்று கேட்டால் ஏனுமில்லை. பிறகு ஒரு மதியம், மாப்பிள்ளை உட்காரும் பாய் இடம் மாறியது. நடுக்கூடத்தில் விரித்திருந்த பாய், வாசல் ஓரத்துக்குப் போனது.

"காத்து வரும்ல மாப்பிள்ள, புழுக்கமா இருக்குது" என்றார் மாமா. அவர் மனதில் கள்ளம் இல்லை. அவர் நினைத்தது காற்றைத்தான்.

தாய்மார்களே! பாய் வாசலோரம் போனால் நம் ஊர் ஆண்பிள்ளைக்கு என்ன அர்த்தம்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதா? கிராம்பு வாய்க்கு என்று அவர் நினைக்கவில்லை. குவளை வாய்க்கு என்று அவர் நினைக்கவில்லை. பாய் வாய்க்கு என்று அவர் நினைக்கவே இல்லை. தன்னைத்தான் வேண்டாம் என்கிறார்கள் என்று நினைத்தார். என் ஒருத்தியின் சொல் ஒரு பக்கம். ஒரு முழு வீட்டின் மௌனம் மறுபக்கம். எது கனம்?

அப்போதிருந்து அவர் பேச்சைக் குறைத்தார். சோற்றைக் குறைத்தார். வீட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று வறண்ட வாயோடு திரிந்தார். டாக்டரம்மா சொல்லித்தான் இப்போது எனக்குத் தெரிகிறது: வாய் வறண்டால் நாற்றம் கூடும், வயிறு காய்ந்தால் நாற்றம் கூடும். மரியாதைக்காக மூடிய வாய், மூட மூட நாறியது, ஐயா!

ஒரு காலையில் பையோடு நின்றார்.

"வெளியூர்ப் பொழப்புக்கு, சபருக்குப் போறேன். ஜகார்த்தால எங்க ஊர்க்காரர் கடை இருக்கு."

"பல்லு?"

"அங்க டாக்டருங்க நெறைய."

"மாமா ஏதாவது சொன்னாரா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல" என்றார். அதுதான் உண்மை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை!

போனவர் நடைபாதையில் கைலியும் தொப்பியும் விற்றார். இன்னொருவரோடு அறையைப் பங்கிட்டுக்கொள்ளவில்லை. தன் வாய் அடுத்தவருக்குத் தொந்தரவு என்று தனியாக ஒரு சின்ன அறை பிடித்தார். போனில் மட்டும் பழைய மனிதர் ஆகிவிட்டார். ஆமாம் அக்கா, நீங்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. போனில் வாடை வராதே! அவர் வாய்விட்டுச் சிரித்தார். மாமாவிடம் பேசினார், என் அம்மாவைக் கேலி செய்தார். நாங்கள் மகிழ்ந்தோம். சிரிக்கிற குரலில் சீழ் பிடித்திருந்தது எங்களுக்குத் தெரியுமா?

ஒரு நாள் குரல் குழறியது. "என்ன, கொழகொழன்னு பேசுறீங்க?" என்றேன். "வாயில சோறு" என்றார். சோறு இல்லை. தாடை வீங்கியிருந்தது. பல்லின் வேரில் கட்டிய சீழ் தாடைக்கு இறங்கி, கழுத்துக்கு இறங்கி, மூச்சை அடைத்தது. அடுத்து வந்த போனில் பேசியது அவர் இல்லை. பக்கத்து அறைக்காரர். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்.

பல்லால் சாவு வருமா என்று கேட்கிறீர்களா? எங்கள் வீட்டுக்கு வந்தது.

அழாதீர்கள் மாமா. நான் உங்களைச் சுட்ட வரவில்லை. சுடுவதற்கு இனி என்ன இருக்கிறது?

ஆகவே சபையோரே, டாக்டரம்மாவிடம் கேட்டு மனதில் முடிந்துவைத்ததை அவிழ்க்கிறேன். நாக்கின்மேல் வெள்ளையாய்ப் படிகிறதே, அது நாறும், வழித்துப் போடுங்கள். பல்லிடுக்கில் இறைச்சி நார் தங்கினால் நாறும், படுக்குமுன் தேயுங்கள். கிராம்புச் சிகரெட்டைக் குடித்துவிட்டுக் கிராம்பையே மென்றால் மணம் வந்துவிடுமா? மாப்பிள்ளைமார்களே, உங்களைத்தான்! தண்ணீர் குடியுங்கள். ஈறில் ரத்தம் வந்தால் காட்டுங்கள். என்ன கழுவினாலும் போகாத நாற்றம், உள்ளே எதுவோ கெட்டுப்போயிற்று என்று அழைக்கும் குரல். சிலருக்கு மூக்கிலிருந்தும், தொண்டையிலிருந்தும், சர்க்கரை வியாதியாலும் வரும். கிராம்பு அந்தக் குரலின் வாயைப் பொத்தும். நோயைப் பொத்துமா? மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போகாது. பிடுங்காமல் என் கண்ணே போய்விட்டது!

இன்னும் ஒன்று. இதைச் சொல்லத்தான் ஏறினேன்.

என் தங்கை தெஸ்னியின் கணவர், எங்கள் வீட்டுப் புது மாப்பிள்ளை பகிந்தோ. அவர் தட்டருகே மறுபடியும் கிராம்பு வந்தது. பார்த்தேன். இன்று காலை அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டேன்.

"உக்காருங்க தம்பி. ஒண்ணு சொல்லணும்."

"தெரியும்க்கா. பையக் கட்டிட்டேன்."

"எங்க போக?"

"தெஸ்னி மூஞ்சியத் திருப்பிக்கிறா. அத்தை கிராம்பு வைக்கிறாங்க. இருக்கச் சொல்லியா வைக்கிறாங்க?"

"அட மனுசா! உங்க வாய் நாறுது. அவ்வளவுதான். நீங்க வேணும். நாத்தம்தான் வேணாம்."

அவர் என்னையே பார்த்தார். "இவ்வளவுதானாக்கா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "அவ மனசு மாறிடுச்சுன்னு நெனச்சு நான் சோறே எறங்காமக் கெடந்தேன்!"

இதை மேடையில் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லுங்க. ஆனா பல்லுப் புடுங்கும்போது கத்துனா அதை மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க" என்றார். அதோ, வண்டிக்கு எதிரே வரிசையில் முதல் ஆளாக நிற்கிறார், பாருங்கள். பக்கத்தில் யார்? தெஸ்னி! கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

கை தட்டுகிறீர்கள். தட்டாதீர்கள், நடங்கள்! அவருக்குப் பின்னால் அந்த வரிசை ஏன் காலியாக இருக்கிறது? விதியை உடைக்கச் சொல்லவில்லை, தாத்துக் பெருமக்களே. சோற்றுக்குச் சாய்த்துப் பேசுங்கள், நிலத்துக்குச் சாய்த்துப் பேசுங்கள், சம்பந்தத்துக்குச் சாய்த்துப் பேசுங்கள். நோவுக்கு மட்டும் நேராகப் பேசுங்கள்! பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டு, "மாப்பிள்ளை, உங்கள் வாய் நாறுகிறது, நான் கூட வருகிறேன், காட்டுவோம்" என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லில் குறையும் மரியாதை குறையட்டும். ஆள் குறையவேண்டாம். ஆள் குறையவே வேண்டாம்!

படிக்காதவளுக்கு மைக் கொடுத்த தலைவருக்கு நன்றி. வெயிலில் உட்கார்ந்து கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. காப்பிக்கடை நிழலை விட்டு இப்போது வரிசைப்பக்கம் நகருகிறார்களே, அந்த மாப்பிள்ளைமார்களுக்கு ஆயிரம் நன்றி. எல்லோருக்கும் என் ஸலாம்.

புயுங், இனி உன்னோடு. அந்தப் பக்கத்து அறைக்காரரிடம் நான் கேட்டேன், கடைசி நேரம் எப்படி இருந்தது என்று. "எல்லாம் நல்லபடியா நடந்துச்சும்மா" என்றார். மரியாதைக்காரர். துக்கப்பட்டவளிடம் யார் நேராகச் சொல்வார்கள்? அதனால் உன்னிடமே கேட்கிறேன். ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அந்த வண்டியில், உன் முகத்தருகே குனிந்து, முகத்தைத் திருப்பாமல், உன் காதில் கடைசிக் கலிமா சொல்ல யாராவது இருந்தார்களா?